மகனுக்குப் பட்டம், தாய்க்குச் சாவு

ஒரு சுவரில் எழுதப்பட்ட குறிப்பிலிருந்து தொடங்குகிறேன்.

ஐந்தாம் நூற்றாண்டு. சீனாவின் வடபகுதியை ஆண்ட வட வெய் அரசின் தலைநகர் பிங்செங். பேரரசன் வென்செங் ஒருநாள் உயர்ந்த மாடத்திலிருந்து ஒரு பெண்ணைப் பார்க்கிறான். தெற்கே நடந்த போரில் ஓர் இளவரசனின் படை பிடித்துவந்த பெண் அவள். அந்த இளவரசன் தண்டிக்கப்பட்டுச் செத்தபின் அரண்மனைக்கு அனுப்பப்பட்டவள். அரசன் இறங்கி வருகிறான். பண்டசாலையில் அவளை எடுத்துக்கொள்கிறான். 'அருள் பெற்றாள்' என்று பொருள்படும் ஒரு சொல்லால் வரலாற்று நூல் இதைக் கடந்துபோகிறது. அவள் கருவுற்றதும் விசாரணை வருகிறது. பிள்ளை அரசனுடையது என்கிறாள். அவள் சொல் மட்டும் போதவில்லை. பண்டசாலைக் காவலன் நடந்ததை யாருக்கும் தெரியாமல் சுவரில் குறித்து வைத்திருந்தான். அந்தக் குறிப்போடு ஒத்துப்போன பிறகுதான் அவள் சொன்னது உண்மையாகிறது.

அவளுடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. லி குலத்தவள், அவ்வளவுதான். அவள் பெற்ற மகன் 456-இல் வாரிசாக அறிவிக்கப்பட்டான். அதற்காகவே அவள் சாக வேண்டியிருந்தது. தெற்கே இருக்கும் உடன்பிறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பிற்காலத்தில் அவர்களைக் கவனித்துக்கொள்வதற்காக. ஒவ்வொரு சகோதரன் பெயரைச் சொல்லும்போதும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள் என்று எழுதியிருக்கிறது. பிறகு அவள் இல்லை.

இது ஒரு கொடுங்கோலனின் கோபத்தில் நடந்த கொலை இல்லை. அந்த அரசில் இது முறை. மகன் வாரிசானால் தாய் சாக வேண்டும். பழைய சீன மரபில் இதற்கு நேரெதிரான ஒரு கோட்பாடு இருந்தது: மகனின் உயர்வால் தாய் உயர்வாள். வட வெய் அரசர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். கருப்பையின் வெற்றியையே குற்றமாக்கினார்கள்.

தொடங்கியவன் அந்த அரசை நிறுவிய தோபா குய். 409-இல் மகன் தோபா சியை வாரிசாக்க முடிவுசெய்து, லியூ குலத்தவளான அவன் தாயைக் கொன்றான். பிறகு மகனை அழைத்து விளக்கம் சொன்னான். ஹான் பேரரசன் வூ, கி.மு. 88-இல் சிறுவனான தன் மகனை வாரிசாக்கும் முன் அவன் தாயைக் கொன்றதை முன்னுதாரணமாகக் காட்டினான். பெண் ஆட்சியில் தலையிடக் கூடாது, தாய்வழிச் சொந்தங்கள் நாட்டைக் குழப்பக் கூடாது என்பது அவன் தந்த நியாயம். ஹான் அரசன் ஒருமுறை செய்ததை இவன் குலவழக்கமாக்கினான். மகன் அழுதான். இரவும் பகலும் அழுதான். அப்பன் கோபம் கொள்ள, மகன் ஓடி ஒளிந்தான்.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தோபா குய் இன்னொரு மனைவியை, ஹெலான் குலத்தவளை, சிறைவைத்துக் கொல்ல இருந்தான். அவள் தன் மகன் ஷாவுக்குச் செய்தி அனுப்பினாள். பதினாறு வயதுப் பையன் சுவரேறிக் குதித்து அப்பனைக் கொன்றான். தாய்களால் ஆபத்து வரும் என்று சட்டம் போட்டவன், தாயைக் காக்க வந்த மகன் கையால் செத்தான். ஓடி ஒளிந்திருந்த சி திரும்பிவந்து ஷாவையும் அவன் தாயையும் கொன்று அரசனானான். தாய்க்காக அழுத அவனும் இந்த வழக்கத்தை ஒழிக்கவில்லை. தன் தாய்க்கு இறந்தபின் பட்டத்தரசி என்ற பட்டம் மட்டும் கொடுத்தான்.

ஏன் இப்படி ஒரு முறை? சீன வரலாற்றறிஞர் தியான் யூச்சிங் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தோபா குலம் வளர்ந்ததே பெண் கொடுத்த குலங்களின் தோளில் ஏறித்தான். ஹெலான், துகூ போன்ற அந்தக் குலங்களின் படைபலமும், அரசர்களின் தாய்களுக்கு இருந்த செல்வாக்கும் ஒவ்வொரு பட்டத்துப் போட்டியையும் தீர்மானித்தன. அரசன் தன் கைக்குள் அதிகாரத்தைக் குவிக்க அந்தக் குலங்களைக் கலைத்தான், தாயையும் கொன்றான். இந்த விளக்கம் எனக்கு உதவியது. ஆனால் விளக்கம் வேறு, சமாதானம் வேறு. 'அரசியல் தேவை' என்று படிக்கும்போதெல்லாம், யாருடைய தேவை, யாருடைய உயிர் என்று ஓரத்தில் எழுதிவைத்தேன்.

தாயைக் கொன்றால் அந்த இடம் காலியாக இருந்துவிடுமா? இல்லை. பாலூட்டி வளர்த்த செவிலி வந்து உட்கார்ந்தாள். பேரரசன் தைவூவின் செவிலி தோவ் குலத்தவள். வென்செங்கின் செவிலி ச்சாங் குலத்தவள். இருவரும் அரசத்தாய் என்ற பட்டம் வரை உயர்ந்தார்கள். லி குலத்தவளைப் பழைய முறைப்படி சாகச் சொல்லி ஆணையிட்டது இந்த ச்சாங் அரசத்தாய்தான். ஆண் போட்ட சட்டத்தை நிறைவேற்றும் கை ஒரு பெண்ணுடையதாக மாறியது இங்கேதான்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் வட வெய் அரசின் ஃபெங் அரசத்தாயைப் பற்றிப் பேசினேன். கேட்டவர்கள் கைதட்டினார்கள். தட்டத் தோன்றும் வாழ்க்கைதான். 456-இல், அந்த லி குலத்தவள் செத்த அதே ஆண்டில், வென்செங்கின் பட்டத்தரசி ஆனவள் ஃபெங். 465-இல் அவன் இறந்தபோது அவன் பொருட்களை எரித்த தீயில் பாய்ந்தாள், இழுத்துக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டே, ஆட்சியைப் பிடித்திருந்த அமைச்சன் யீஃபூ ஹுனை வீழ்த்தினாள். 490-இல் சாகும் வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, ஆட்சி அவள் கையில் இருந்தது. 485-இல் வந்த நிலப்பகிர்வுச் சட்டம் ஆணுக்கு 40 மூ, பெண்ணுக்கு 20 மூ விளைநிலம் என்று வகுத்தது. பாதிதான். ஆனாலும் பெண்ணின் பெயரில் நிலம். இதையெல்லாம் சொல்லி, அதிகாரத்தைக் கையாளத் தெரிந்த பெண் என்று முடித்தேன்.

நான் சொல்லாமல் விட்டது இது. ஃபெங் பிள்ளை பெறவில்லை. அவளை ஆட்சியில் உட்காரவைத்ததே தாயைக் கொல்லும் அந்த முறைதான். லி குலத்தவளின் மகன் ஷியான்வென் அரசனானான். அவனுக்குப் பிறந்த மகனை ஃபெங் தானே வளர்த்தாள். 469-இல் அந்தக் குழந்தை வாரிசானபோது அவன் தாயும் செத்தாள். அவளும் ஒரு லி, வேறு லி. மாமியாரும் மருமகளும் ஒரே குலப்பெயரில், ஒரே காரணத்துக்காக மறைந்தார்கள். ஃபெங் வளர்த்த அந்தப் பேரன் ஷியாவ்வென், அவள் சாகும் வரை தன்னைப் பெற்றவள் யார் என்று அறியவில்லை என்கிறது வரலாற்று நூல். 483-இல் அவனுக்கே மகன் பிறந்தபோது, லின் குலத்தவளான தாயைக் கொல்ல அவனுக்கு விருப்பமில்லை. அந்த முறையை விட்டுவிட நினைத்தான். பாட்டி சம்மதிக்கவில்லை. லின் கொல்லப்பட்டாள்.

ஆக, ஓர் ஆண் நிறுத்த நினைத்த கொலையை ஒரு பெண் நடத்திவைத்தாள். கருத்தரங்கில் நான் இதைச் சொல்லியிருந்தால் கைதட்டல் குறைந்திருக்கும். ஃபெங்கை அரக்கி ஆக்குவது என் நோக்கமல்ல. அந்த வேலையை ஆண் வரலாற்றாசிரியர்கள் நன்றாகவே செய்வார்கள். ஆனால் ஒரு பெண் அரியணைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள் என்பதற்காகவே அவளை நம் பக்கம் எண்ணிக்கொள்ள முடியாது. அவள் உட்கார்ந்த இடம் எந்தப் பெண்ணின் சாவால் காலியானது என்று கேட்டாக வேண்டும்.

இந்த முறையிலிருந்து உயிர்தப்பியவள் ஹூ குலத்தவள், பேரரசன் ஷுவான்வூவின் மனைவியருள் ஒருத்தி. அந்தப்புரப் பெண்கள் இளவரசனோ இளவரசியோ பிறக்கட்டும், வாரிசு மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொள்வார்களாம். ஹூ மட்டும், என் சாவுக்கு அஞ்சி அரச குலத்துக்கு வாரிசில்லாமல் விடலாமா என்றாளாம். 510-இல் மகன் பிறந்தான். 512-இல் வாரிசானான். தாயை யாரும் கொல்லவில்லை. நூறாண்டு வழக்கம் அங்கே முடிந்தது.

515-இல் கணவன் இறக்க, ஹூ ஆட்சியை நடத்தினாள். 520-இல் அவளைச் சிறைவைத்தார்கள். 525-இல் திரும்பி வந்தாள். 528-இல் மகன் ஷியாவ்மிங் திடீரென இறந்தான். பழி தாய்மீதும் அவளைச் சேர்ந்தவர்கள்மீதும் விழுந்தது. படைத்தலைவன் எர்ஜூ ரோங் லுவோயாங்குக்குப் படையோடு வந்தான். ஹூவையும் அவள் அரியணையில் வைத்திருந்த சிறுவனையும் மஞ்சளாற்றில் மூழ்கடித்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரச அதிகாரிகளைக் கொன்றான். 534-இல் அரசு இரண்டாகப் பிளந்தது.

இந்த வரிசையில் படித்தால் என்ன தோன்றும்? ஒரே ஒரு தாயை உயிரோடு விட்டார்கள், அரசே அழிந்தது என்றுதானே? 554-இல் வெய் ஷோ தொகுத்து முடித்த வெய் வரலாற்றின் அடுக்கு நம்மை அங்கேதான் கொண்டுபோகிறது. நான் வேறு பட்டியல் ஒன்று போட்டுப் பார்த்தேன். 409-இல் நிறுவியவன் மகன் கையால் செத்தான். 452-இல் தைவூவை ஓர் அரவாணி அதிகாரி கொன்றான். 476-இல் ஷியான்வென் செத்தபோது ஃபெங்மீது சந்தேகம் எழுந்தது. இவை நடந்தபோது இந்த முறை உயிரோடு இருந்தது. ஹூவின் காலத்துக் கலகங்களுக்கோ வேறு வேர் உண்டு. 494 வாக்கில் தலைநகர் தெற்கே லுவோயாங்குக்கு மாறியபின், வட எல்லையைக் காத்த படைவீரர்கள் மதிப்பும் பிழைப்பும் இழந்து 523 முதல் கிளர்ந்தெழுந்தார்கள். ஹூ நல்ல ஆட்சியாளர் என்று நான் வாதாடவில்லை. அவளுடைய தவறுகள், தாய்களைக் கொன்றது சரிதான் என்பதற்குச் சாட்சியாக முடியாது.

கடைசியாக ஒருத்தி. 528-இல் ஷியாவ்மிங்குக்கும் பான் குலத்தவளுக்கும் ஒரு குழந்தை பிறந்தது. பெண். ஆண் பிள்ளை என்று நாட்டுக்கு அறிவித்தார்கள். ஷியாவ்மிங் செத்ததும், ஐம்பது நாள்கூட ஆகாத அந்தக் குழந்தையை அரியணையில் ஏற்றினாள் பாட்டி ஹூ. நிலைமை சற்று அடங்கியதும், அது பெண் என்று அறிவித்து இறக்கிவிட்டு, ஒரு சிறுவனை ஏற்றினார்கள். அரசர் வரிசையில் அவளைச் சேர்ப்பதில்லை. பெயரும் இல்லை.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அந்தக் குழந்தை அப்புறம் என்ன ஆச்சு, மிஸ்?" நூல் அதைச் சொல்லவில்லை என்றேன். கொல்லப்பட்டவளுக்காவது வரலாற்றில் இரண்டு வரி கிடைத்திருக்கிறது. பெண் என்று தெரிந்து இறக்கிவைக்கப்பட்டவளுக்கு அடுத்த வரியே இல்லை.