பல்லடத்துக் காற்றும் பாதி வேக ஃபேனும்

திருப்பூர் காதர்பேட்டையைச் சுற்றியுள்ள பனியன் தொழிலில் ‘டிரைவ்’ என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிட்டிங் மெஷினிலும் சாயப்பட்டறையின் சாஃப்ட்ஃப்ளோ மெஷினிலும் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. பெட்டிதான் அது. தெற்கே பல்லடம் பக்கம் போனால், அதே பெட்டி கறிக்கோழிப் பண்ணைக்குள்ளும் வந்துவிட்டது. பக்கவாட்டை முழுக்க மூடி, ஒரு முனையில் கூலிங் பேடும் மறுமுனையில் 50 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்களும் வைத்த ஈ.சி. ஷெட்டில், ஃபேன் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. கரண்ட் மிச்சம் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். அந்தக் கணக்கில் பொய் இல்லை; ஆனால் அது பாதிக் கணக்கு.

முதலில் நல்ல பாதி. வேகத்தைக் குறைத்தால் ஃபேன் இழுக்கும் காற்று அதே விகிதத்தில்தான் குறைகிறது. மின்சாரமோ வேகத்தின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் காற்று 80 சதவீதம் கிடைக்கும், மின்சாரம் 51 சதவீதமே போகும். ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட்டும் கரண்ட் பில்லும் பண்ணையாளர் தலையில். கிலோ கணக்கில் வரும் வளர்ப்புக் கூலியில்தான் அந்த பில்லைக் கட்ட வேண்டும். மும்மடிக் கணக்கு அவரை இழுப்பதில் வியப்பில்லை.

பறவைக்கும் இதில் நன்மை உண்டு. ஒரு நாள் குஞ்சுக்கு 32, 33 டிகிரி சூடு வேண்டும். அதன் முதுகில் படும் காற்று நொடிக்கு 0.3 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதே கோழி ஐந்தாவது வாரத்தில் வந்து நிற்கும்போது, கடும் வெயில் நாளில் நொடிக்கு இரண்டரை மீட்டர் காற்று கொடுத்தாலும் வாய் திறந்து மூச்சு வாங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு ஃபேன் சட்டென ஓடி நிற்கும் குலுக்கல் இல்லாமல் படிப்படியாகக் காற்றைக் கூட்டுவது டிரைவுக்குத்தான் சாத்தியம்.

சிக்கல் அழுத்தத்தில் இருக்கிறது. வேகம் பாதியானால் ஃபேன் உண்டாக்கும் அழுத்தம் கால் பங்காகிவிடும். சுவரில் உள்ள இன்லெட் வழியாகக் காற்று பாய்ந்து வந்து, கூரையை ஒட்டி ஓடி, அங்கிருக்கும் சூட்டோடு கலந்து இறங்க அந்த அழுத்தம்தான் துணை. அது போனால் மார்கழி விடியலின் குளிர்காற்று சுவரோரமாகவே சரிந்து, தரையில் பரப்பிய தேங்காய் மஞ்சின் மேல் படுத்துக்கொள்கிறது. மஞ்சு ஈரமாகும், அம்மோனியா கிளம்பும். 25 பி.பி.எம். அளவைத் தாண்டி நீடித்தால் குஞ்சின் கண்ணும் மூச்சுக்குழாயும் கெடும். மீட்டரில் மிச்சமானது தீவன மாற்று விகிதத்தில் நஷ்டமாகிவிடும்.

பல்லடத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் மேல்காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஃபேன்கள் மேற்கு முனையில் இருந்தால், அந்தக் காற்றை எதிர்த்துத்தான் அவை வெளியே தள்ள வேண்டும். பாதி வேகத்தில் அது நடக்காது. ஷட்டர் அரைகுறையாகத் திறந்து படபடவென்று அடிக்கும், இறக்கை சுழலும், காற்று நகராது. கன்ட்ரோலர் திரையில் மட்டும் 50 சதவீதம் என்று எழுத்து ஒளிரும்! எண்ணைப் பார்த்து நம்புகிறவருக்கு இது பெரிய ஏமாற்று.

காதர்பேட்டையின் மாடி அறைகளிலும் இதே கதைதான். அயர்னிங் மேஜைக்கு மேலுள்ள எக்ஸாஸ்டில் பஞ்சுத்தூசி அடைத்திருக்கும்போது ரெகுலேட்டரை இரண்டில் வைத்தால் சத்தம் குறையும், புழுக்கம் குறையாது.

ஆகவே, எல்லா ஃபேனுக்கும் டிரைவ் மாட்டுவது பல்லடத்துக்குப் பொருந்தாத செலவு. குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் ப்ரூடிங் காலத்துக்கு, முழு வேகத்தில் ஓடும் ஒன்றிரண்டு ஃபேனை ஐந்து நிமிடச் சுற்றில் ஒரு நிமிடம் ஓடும்படி டைமர் போட்டு ஓட்டினால், அந்த ஒரு நிமிடமாவது அழுத்தம் முழுதாகக் கிடைக்கும். கோழி வளர வளர ஃபேன்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். காற்றுக்கு மறைவான பக்கத்தில் உள்ள இரண்டு ஃபேனுக்கு மட்டும் டிரைவ் வைத்துக்கொண்டால், படிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அவை நிரப்பும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய மலிவான வேலை ஒன்று இருக்கிறது: பக்கவாட்டுப் படுதாவின் கிழிசலையும் கதவிடுக்கையும் அடைப்பது. ஓட்டை ஷெட்டில் எந்த வேகத்திலும் அழுத்தம் நிற்பதில்லை.