பெயர் மாறிய அந்தலூஸ்

கனடா நாட்டு எழுத்தாளர் கய் கேவ்ரியல் கே 1995-இல் வெளியிட்ட ‘அல்-ரஸ்ஸானின் சிங்கங்கள்’ என்னும் ஆங்கில நாவல், பதினோராம் நூற்றாண்டு அந்தலூஸைக் கற்பனை நாடாக்கிக் காட்டுகிறது. வானில் இரு நிலவுகள். ஊர்ப் பெயர்கள் யாவும் வேறு. ஆயினும் செவில்லிக் கவிஞர் இப்னு அம்மாரின் சாயலையும், காஸ்டில் வீரர் எல் சித்தின் சாயலையும் அதில் எளிதில் இனங்காணலாம்.

முஸ்லிம் சிற்றரசர்கள் தம்முள் பிணங்கி, வடபுலத்து மன்னர்க்குத் திறை செலுத்தி நலிந்ததும், 1085-இல் தொலேதோ வீழ்ந்ததும் வரலாறு. அத்துயரின் நிழல் நாவலெங்கும் படர்ந்திருக்கிறது. மூன்று சமயத்தார் கொண்ட நட்பைப் போர் சிதைப்பதை ஆசிரியர் உள்ளம் உருகச் சொல்கிறார். இதனை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம்.

ஆனால் முஸ்லிம்களின் இடத்தில் விண்மீன்களையும், கிறிஸ்தவர்களின் இடத்தில் கதிரவனையும், யூதர்களின் இடத்தில் நிலவுகளையும் போற்றுவோரை அவர் நிறுத்திவிட்டார். விண்மீன், மதி, கதிர் மூன்றையும் மறைபவை என நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் ஒதுக்கியதைத் திருக்குர்ஆனின் அல்-அன்ஆம் அத்தியாயத்தில் ஓதியவர்களன்றோ நாம்! அம்மூன்று சமுதாயங்களும் தந்தையெனப் போற்றுவதும் அந்த நபியையே. அப்பொது வேரை அறுத்துவிட்டால், உடன்பிறந்தார் பூசல் அயலார் பூசலாகச் சுருங்கிவிடுகிறது. நாவலின் பெருங்குறை இதுவே.

நம் எழுத்தாளர் எவரேனும் அந்தலூஸைப் புனைய முற்பட்டால், நிலவை இரண்டாக்கட்டும். இறைவன் ஒருவனே என்ற உயிர்நாடியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.