பழி தீரும் இடம்: ‘மார்த்தாண்டவர்மா’, தம்பிமார் கதை, நீலி கதை – குற்றப் புனைகதை நோக்கில் ஒரு வாசிப்பு

தமிழில் குற்றப் புனைகதை குறித்த திறனாய்வு பெரும்பாலும் துப்பறியும் கதையை மையமாகக் கொண்டே நடந்துள்ளது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் தொடங்கிச் சுஜாதா, ராஜேஷ்குமார் வரை நீளும் அவ்வரிசையில் குற்றம் என்பது ஒரு புதிர். அதை அவிழ்ப்பவர் சட்டத்தின் பக்கம் நிற்பவர். பழிவாங்கலையும் நிழலுலகையும் பொருளாகக் கொண்ட கதைகள் இச்சட்டகத்துள் அடங்குவதில்லை. அவற்றில் கொன்றவன் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. வாசகர் காத்திருப்பது கண்டுபிடிப்புக்காக அன்று, கணக்குத் தீர்வதற்காக. ஆகவே இவ்வகைக் கதைகளிடம் கேட்கத்தக்க வினா வேறு: பழி எங்கே, யாரால், எதைக் கொண்டு தீர்க்கப்படுகிறது? இவ்வினாவைப் பத்மநாபபுரத்தைச் சூழ்ந்த மூன்று கொலைக்கதைகளிடம் கேட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அரசின் பக்கமிருந்து

கல்குளம் என்ற பழம்பெயர் கொண்ட பத்மநாபபுரம், 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகர். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபின்னும் இங்குள்ள அரண்மனை கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்துவருகிறது. நிலம் ஒருவருக்கும் நினைவு மற்றொருவருக்குமாகப் பிரிந்த இடம் என்று இதனைச் சொல்லலாம். 1729இல் மார்த்தாண்ட வர்மா பட்டம் ஏற்றபோது முந்தைய அரசர் ராமவர்மாவின் மக்களான தம்பிமார் இருவரும் எட்டுவீட்டில் பிள்ளைமாரும் எதிர்த்து நின்றனர். மருமக்கள் தாயமா மக்கள் தாயமா என்ற வாரிசுச் சிக்கல் அப்பகையின் அடியில் இருந்தது. தம்பிமார் திருச்சிராப்பள்ளியிலிருந்து படை உதவி பெற்றும் வெல்லவில்லை. அவர்கள் கொல்லப்பட்டனர், பிள்ளைமாரும் ஒழிக்கப்பட்டனர்.

இவ்வரலாற்றை எடுத்துக்கொண்டு சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல் எனப்படுகிறது. ஸ்காட்டின் தாக்கத்தைப் பலர் பேசியுள்ளனர். ஆயினும் அதன் உடற்கட்டு பரபரப்புப் புதினத்தினுடையது. பஞ்சவன்காட்டில் குருதியில் கிடக்கும் இளைஞனோடு கதை தொடங்குகிறது. இரவில் கூடிச் சதிசெய்யும் கூட்டம், ஏவப்பட்ட ஈட்டிக்காரர், நிலவறைச் சிறை, பைத்தியக்காரச் சான்றான் வேடத்தில் திரியும் ஒருவன், இறந்தவனாகக் கருதப்பட்டவன் திரும்பி வருதல் என இன்றைய குற்றக் கதை வாசகர் அறிந்த உறுப்புகள் யாவும் அதில் உள்ளன. கவனிக்கத்தக்கது, வன்முறையின் பங்கீடு. குத்தும் வெட்டும் சூழ்ச்சியும் தம்பி தரப்பின் செயல்களாக விரிவாக வருணிக்கப்படுகின்றன. இளவரசன் தரப்பின் வன்முறையோ நாடு நிலைபெறுவதற்கான நடவடிக்கையாகச் சுருங்குகிறது. இளவரசனைக் காத்த சுபத்திரை அதற்காகவே பழிக்குப் பலியாகிறாள். நாவல் அவளுக்காக உருகுகிறது என்பது உண்மை. ஆனால் அவளது சாவை அரசன் பெற்ற வெற்றியின் விலையாக வைத்து மூடிவிடுகிறது. நிழலுலகம் எது என்பதைத் தீர்மானிப்பது செயல் அன்று, வென்றவர் யார் என்பதே என இந்நாவல் தன்னை அறியாமலேயே காட்டிவிடுகிறது. இரு தரப்பும் செய்தவை ஏறத்தாழ ஒன்றே.

கொலையுண்டவரின் பக்கமிருந்து

இதே கொலையை வில்லுப்பாட்டு மறுபுறமிருந்து சொல்கிறது. தம்பிமார் கதையின் பாடங்களுக்கிடையே வேறுபாடுகள் உண்டெனினும், அவர்களது தங்கையை அரசன் பெண் கேட்பதும் மறுக்கப்படுவதும் பகைக்கு வித்தாக அமைகின்றன. வாரிசுரிமை என்ற அரசியல் வழக்கு இங்கே குடும்ப மானத்தின் வழக்காக மாறிவிடுகிறது. நாவலில் கொடியவனாக வரும் மூத்த தம்பி, பாட்டில் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட அண்ணன். தங்கையும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். இருப்பினும் பாட்டு அதோடு முடிவதில்லை. மாண்டவர் கைலாயம் சென்று சிவனிடம் வரம் பெற்றுத் திரும்புகின்றனர். தெய்வமாகிக் கொடை பெறுகின்றனர்.

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டைக் களத்தில் ஆய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வப் பிறப்பைப் பாடும் கதைகளையும் கொடிய சாவைப் பாடும் கதைகளையும் பிரித்துக் காட்டினார். சாவுக் கதைகளில்தான் சாமியாட்டம் வலுப்பெறுகிறது என்பது அவரது முக்கியமான அவதானிப்பு. குற்றப் புனைகதை நோக்கில் இதன் பொருள் பெரிது. கொலைக் காட்சியைப் பாடும் கட்டம் கேட்பவருக்குத் திகிலூட்டி நின்றுவிடுவதில்லை. கொல்லப்பட்டவர் அக்கணத்தில் ஒருவர் உடலில் வந்து இறங்கி, தமக்குரியதைக் கேட்கிறார். கதையின் உச்சமும் கணக்குத் தீர்வும் ஒரே இடத்தில், ஊரார் முன்னிலையில் நிகழ்கின்றன. எலிசபெத் காலத்து ஆங்கிலப் பழிவாங்கல் நாடகத்தில் இறந்தவனின் ஆவி தன் மகனை ஏவுகிறது. ஹாம்லெட் தயங்குவதற்கு ஐந்து அங்கங்கள் கிடைக்கின்றன. வில்லுப்பாட்டின் மாண்டவர் எவரையும் ஏவுவதில்லை. தாமே வருகின்றனர். தயக்கத்துக்கு அங்கே இடமில்லை.

இதை எளியோர் தந்த மாற்று வரலாறு என்று மட்டும் கொண்டாடிவிடுவது போதாது. கொடை பெறும் தம்பிமார் அரச குடும்பத்தவரே. அவர்களுக்காக உயிர்விட்ட ஏவலர்களுக்கும் போர்வீரர்களுக்கும் அதே அளவு பாட்டு வாய்க்கவில்லை. மேலும், கொடை கொடுத்துத் தணிப்பது என்பது கொன்றவனின் மரபினரை வழக்குக்கு இழுக்காமல் பழியைப் பூசையாக மாற்றிவிடும் ஏற்பாடும் ஆகும்.

பிணை நின்றவர்கள்

நீலி கதை இவ்விரண்டினும் நுட்பமானது. நாவல் தொடங்கும் பஞ்சவன்காட்டை நீலியின் இருப்பிடமாக மரபு சொல்கிறது. நாகர்கோவிலை ஒட்டிய பார்வதிபுரத்தருகே உள்ள கள்ளியங்காடு அவள் பெயரோடு இணைந்தது. நகைக்காக ஒருவன் தாசி ஒருத்தியைக் கள்ளிக்காட்டில் கொல்கிறான். கள்ளிச்செடியைத் தவிரச் சாட்சி இல்லை. மறுபிறப்பில் அவன் வணிகனாகிறான். அவள் நீலியாகத் தொடர்ந்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் தன் கணவன் என்று ஊரவையில் வழக்காடுகிறாள். குழந்தை அவனைத் தந்தை என அழைக்கிறது. அவனுக்குத் தீங்கு நேராது என 70 வேளாளர் உயிர்ப்பிணை நின்று அவளுடன் அனுப்புகின்றனர். அவன் கொல்லப்படுகிறான், எழுபதின்மரும் தீயில் இறங்குகின்றனர்.

இக்கதையில் வழக்கு மன்றம் கொலைக்குக் கருவியாகிறது. சான்று பொய், தீர்ப்பு தவறு. ஆயினும் தண்டிக்கப்பட்டவன் உண்மையில் கொலைகாரன். சட்டத்தின் உண்மையும் பழியின் உண்மையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இத்தகைய முடிச்சு தமிழின் துப்பறியும் கதைகளில் அரிது. எழுபதின்மரின் சாவை வாக்குத் தவறாமையின் பெருமையாகவே பலர் விளக்குவர். குற்றக் கதையாக வாசிக்கையில் வேறொன்று புலப்படுகிறது. முதற்கொலைக்குச் சாட்சி சொல்ல எந்த அவையும் கூடவில்லை; கொல்லப்பட்டவள் தாசி, கள்ளியோடு வழக்கு முடிந்தது. ஊரவை இம்முறை கூடியபோது, அன்று கேட்கப்படாத வழக்கின் கடனையும் சேர்த்து அடைக்க நேர்கிறது. பழி கொன்றவனோடு நிற்காமல் பிணை நின்ற ஊரையும் தொடுகிறது.

கொடை இல்லாத இடம்

நவீனத் தமிழில் நிழலுலகைத் தேர்ந்த கலையாக்கியவர் ஜி. நாகராஜன். ஆனால் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) பழிவாங்கலைப் பொருளாகக் கொள்வதில்லை, அன்றாடத்தையே கொள்கிறது. பழிவாங்கலின் நிழலுலகம் நாவலைவிடத் திரைப்படத்திலேயே செழித்தது. குமரி மாவட்டத்தவரான ஜெயமோகனின் ‘ஐந்து நெருப்பு’ கதையிலிருந்து உருவாகி 2022இல் வெளிவந்த ‘வெந்து தணிந்தது காடு’ இவ்வகையில் கவனத்துக்குரியது. தென்மாவட்டத்து இளைஞன் மும்பைக்குப் பிழைக்கச் சென்று தமிழர், மலையாளிக் குழுக்களின் மோதலில் அகப்படுகிறான். அவன் சேரும் புரோட்டாக் கடை, கூலிக்குக் கொல்பவர்கள் உறங்கி எழும் இடம். அதன் உரிமையாளன் பெயர் இசக்கி.

நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் அப்பெயர் கொல்லப்பட்ட பெண்ணின், பழிகேட்டு நிற்கும் தெய்வத்தின் பெயர். மும்பையில் அது கடைப் பலகையில் மட்டும் எஞ்சியிருக்கிறது. கொல்லப்படுபவனுக்கு அங்கே பாட்டில்லை, பீடமில்லை, பிணை நிற்க ஊருமில்லை. ஆகவே ஒரு கொலையை அடுத்த கொலைதான் ஈடுசெய்கிறது. கதை முடிய வேண்டுமானால் நாயகன் ஓடவேண்டும், அல்லது சாகவேண்டும். இவ்வகைக் கதைகளின் வன்மையான வருணனையை வெறும் பரபரப்பு விழைவு என்று திறனாய்வு ஒதுக்கிவிடுவது வழக்கம். கோமரத்தாடியின் உடலில் இறங்கக் கிடைத்த இடம் மறைந்தபின், அந்த வருணனை எவ்வளவு விரிந்தாலும் கேட்பவர் எவருமின்றிப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது.