கூலிக் குடும்பமும் பழம் பதிவேடுகளும்: அயர்லாந்து ஆவணங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

செல்வர் குடும்பங்களின் வரலாற்றை எழுதுவது எளிது. பத்திரங்கள், உயில்கள், கல்லறைக் கற்கள் ஆகிய யாவும் அவர்களைப் பற்றிப் பேசும். பிறர் நிலத்தில் உழைத்துக் கூலி பெற்று, மண் குடிசையில் வாழ்ந்து மறைந்த குடும்பமொன்றின் வரலாற்றை எழுத முற்படுகிறவர் எந்த ஏட்டைப் புரட்டுவார்? அயர்லாந்து நாட்டுப்புறத்தின் பழம் பதிவேடுகள் இவ்வினாவுக்கு அளிக்கும் விடை நம் கவனத்திற்குரியது. தம் முன்னோரைத் தேடும் அயர்லாந்து வழித்தோன்றல்கள் இப்பதிவேடுகளைத் தகவற் சுரங்கங்களாகவே கருதுகின்றனர். நாமோ அவற்றை நூல்களாக வாசிக்க விரும்புகிறோம். திருமறை நூல் ஒன்றை ஆராயும்போது, எழுதியவர் யார், யாருக்காக, எந்நோக்கத்துடன் எழுதினார் என வினவப் பழகியவர்கள் நாம். அவ்வினாக்களை இங்கும் எழுப்புதல் பொருத்தமே.

1. எரிந்தவையும் எஞ்சியவையும்

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரின் ‘நான்கு நீதிமன்றங்கள்’ வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் குடிமதிப்புப் படிவங்களில் பெரும்பகுதி அத்தீயில் அழிந்தது. எனினும் பழி முழுவதையும் தீயின்மேல் சுமத்துதல் நேர்மையன்று. 1861, 1871 ஆண்டுகளின் படிவங்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஆண்டுகளின் படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. கூட்டுத்தொகை கிடைத்த பின்னர் மனிதரின் பெயர்கள் தேவைப்படவில்லை போலும்! ஆகவே, நாடு முழுவதற்கும் நமக்கு எஞ்சியுள்ள மிகப் பழைய குடிமதிப்பு 1901ஆம் ஆண்டினுடையதே.

திருச்சபை ஏடுகளின் கதை இன்னும் சிந்தனைக்குரியது. அரசுத் திருச்சபையாக விளங்கிய ஆங்கிலிக்க அயர்லாந்துத் திருச்சபை, 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1871இல் அந்நிலையை இழந்தது. அதன்பின் அதன் பழைய பதிவேடுகள் பொது ஆவணங்கள் எனச் சட்டமாயிற்று. பாதுகாப்புக் கருதிக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்ட ஏறக்குறைய ஆயிரம் சேகரங்களின் ஏடுகள் 1922இல் எரிந்தன. அரசு தனதெனக் கொள்ளாத கத்தோலிக்கப் பங்கு ஏடுகளோ ஆலயப் பெட்டகங்களிலேயே கிடந்து பிழைத்தன. அவற்றை அயர்லாந்து தேசிய நூலகம் நுண்படச் சுருள்களில் பதிவு செய்து, 2015இல் எவரும் கட்டணமின்றிக் காணுமாறு வெளியிட்டது.

2. தசமபாக ஏடும் ஞானஸ்நான ஏடும்

குடிமதிப்பு இல்லாத காலத்திற்கு, ஆய்வாளர் இரு வரி ஏடுகளை நாடுகின்றனர். ஒன்று, 1823க்கும் 1837க்கும் இடையில் தயாரிக்கப்பட்ட தசமபாக மதிப்பீட்டு ஏடு. மற்றொன்று, ரிச்சர்டு கிரிஃபித் என்பவரின் தலைமையில் 1847 முதல் 1864 வரை வெளியிடப்பட்ட நில, வீட்டு மதிப்பீடு. முதலாவது ஏட்டின் நோக்கம் வெளிப்படை. அரசுத் திருச்சபையின் குருமாருக்கு யார் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதே அது. செலுத்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் அத்திருச்சபையைச் சேராத கத்தோலிக்கர். 1830களில் இவ்வரியை எதிர்த்துக் கிளர்ச்சிகள் வெடித்தன, உயிர்களும் பலியாயின. நிலம் வைத்திருந்தவனின் பெயரே இவ்வேட்டில் உண்டு. ஒரு பருவத்திற்கு மட்டும் உருளைக்கிழங்கு பயிரிடச் சிறு துண்டு நிலத்தை வாடகைக்குப் பெற்ற கூலியாளின் பெயர் பெரும்பாலும் இல்லை. கிரிஃபித் மதிப்பீட்டில் அவன் சில வேளைகளில் ‘வீடு’ அல்லது ‘வீடும் சிறு தோட்டமும்’ என்னும் வரிக்கு எதிரே தோன்றுகிறான். அவனுடைய மனைவி மக்கள் அங்கும் இல்லை.

இதனோடு ஞானஸ்நான ஏட்டை ஒப்பிட்டு நோக்குக. குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பெயர், பெரும்பாலும் அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், ஞானப்பெற்றோர் இருவரின் பெயர்கள் ஆகியவை அதில் உள்ளன. சில ஏடுகளில் ‘டவுன்லேண்டு’ எனப்படும் சிற்றூர்ப் பிரிவும் குறிக்கப்பட்டிருக்கும். கூலியாளிடமிருந்து ஒன்றை வசூலிப்பதற்காக அன்றி, அவனுடைய குழந்தையை ஒரு சமூகத்தில் சேர்ப்பதற்காக எழுதப்பட்ட ஏடு இது. சபையானது ஏழையை இருவகை ஏடுகளில் எழுதியது என நாம் துணிந்து கூறலாம். ஒன்றில் அவன் கடன்பட்டவன், அல்லது கணக்கில் வராதவன். மற்றொன்றில் அவன் பெயருடையவன். தசமபாக ஏட்டை எழுதியது சீர்திருத்தச் சபை மரபைச் சேர்ந்த திருச்சபை என்பதை நம் வாசகர் மறத்தலாகாது.

ஆயினும் ஞானஸ்நான ஏடும் குற்றமற்றதன்று. குருவானவர் பலர் இலத்தீனில் எழுதினர். ஜேம்ஸ் ‘யாக்கோபுஸ்’ ஆனான். வில்லியம் ‘குலியெல்முஸ்’ ஆனான். ஐரிஷ் மொழியில் கொல்லன் மகன் எனப் பொருள்படும் ‘மாக் கௌவன்’ என்னும் குடும்பப் பெயர், ஆங்கில ஏடுகளில் ‘மெக்கௌவன்’ என்றும் ‘ஸ்மித்’ என்றும் உருமாறியது. மேலும், நாட்டுப்புறக் கத்தோலிக்க ஏடுகள் பல 1820களுக்குப் பின்னரே தொடங்குகின்றன. அடக்கங்களை அவை அரிதாகவே பதிவு செய்தன. 1864க்கு முன் இறந்த கூலியாளின் மறைவு எழுத்தில் இல்லாமலே போனதுண்டு.

3. அடிக்கப்பட்ட வரிகள்

1901, 1911 குடிமதிப்புப் படிவங்களைக் காவலர்கள் திரட்டினர். எழுதத் தெரியாத குடும்பத் தலைவன் தன் கையொப்பத்திற்குப் பதிலாகக் கீறல் ஒன்றை இட்டான். பத்தாண்டு இடைவெளியில் சிலருக்குப் பதினைந்து வயது கூடியிருப்பதைக் காண்கிறோம். வயதைத் திட்டமாக அறியாமை ஒரு காரணம். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுபது வயதினருக்கு 1909 முதல் ஓய்வூதியம் கிடைத்தது மற்றொரு காரணம் எனக் கருதப்படுகிறது. அவ்வூதியத்திற்காக முதியோர் தம் வயதை நிறுவ வேண்டியிருந்தது. 1841, 1851 படிவங்களில் அவர்களுக்காகத் தேடி எழுதப்பட்ட குறிப்புகள் எஞ்சியுள்ளமையால், எரிந்துபோன குடிமதிப்பின் துணுக்குகள் இன்றும் கிடைக்கின்றன. ஏழைகளின் தேவையே அத்துணுக்குகளைக் காத்தது.

1911ஆம் ஆண்டுப் படிவத்தில் கணவனுள்ள பெண்கள் விடையளிக்க வேண்டிய இரு கட்டங்கள் உண்டு: உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, அவர்களுள் இப்பொழுது உயிரோடிருப்போர் எத்தனை? கைம்பெண்களிடம் இவ்வினா கேட்கப்படவில்லை. ஆயினும் கைம்பெண்கள் பலரின் விடைகளும் படிவங்களில் எழுதப்பட்டுள்ளன. விதிக்குப் புறம்பானவை என அவை கோடிட்டு அடிக்கப்பட்டன. அக்கோட்டின் அடியில் எண்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அடிக்கப்பட்ட இவ்வெண்களையே நாம் இவ்வேடுகளின் மிக உண்மையான வரிகளாகக் கருதுகிறோம். அரசு கேளாதிருந்தும் ஒரு தாயின் கணக்கு ஏட்டில் ஏறிவிட்டது.

4. ஆய்வாளருக்கு நேரும் சோதனை

முறையான தேடல் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1911இலிருந்து 1901க்கும், அங்கிருந்து 1864இல் தொடங்கிய பிறப்பு இறப்புப் பதிவுக்கும், பின்பு பங்கு ஏட்டிற்கும் படிப்படியாக நகர வேண்டும். ஒவ்வொரு படியிலும் சிற்றூர்ப் பிரிவின் பெயரே கைவிளக்கு. ஏனெனில் ஒரே பங்கில் ஒரே பெயருடையோர் பலர் வாழ்ந்தனர். பெயர் ஒத்தமை ஆள் ஒத்தமைக்குச் சான்றாகாது. இப்பொறுமையை இழந்த குடும்ப வரலாறுகள், கிடைத்த முதல் பெயரைப் பாட்டனாக்கி, ஏடு முடியும் இடத்தில் பழங்குடித் தலைவன் ஒருவனை மூதாதையாக நிறுத்துகின்றன. இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம். 1841இல் ஏறக்குறைய 81 இலட்சமாயிருந்த மக்கள்தொகை, பெரும் பஞ்சத்திற்குப் பின் 1851இல் 65 இலட்சமாகக் குறைந்தது. ஒற்றை அறை மண் குடிசைகள் இலட்சக்கணக்கில் மறைந்தன. அக்குடிசைகளில் வாழ்ந்தோருக்கு நேர்ந்ததை ஏட்டின் வெறுமையே சொல்கிறது. அவ்வெறுமையைக் கற்பனைப் பெருமையால் நிரப்புவோர், இறந்தோரை இரண்டாம் முறையும் மறைக்கின்றனர்.

5. நமக்குரிய பாடம்

எஸ்றாவின் நூல் இரண்டாம் அதிகாரத்தில், வம்ச அட்டவணையில் தம் பெயரைத் தேடிக் காணாதோர் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர். பெயர் ஏட்டில் இல்லாமை ஒரு மனிதனின் உரிமையையே பறிக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. மத்தேயு தரும் அட்டவணையோ, வழக்கமான அட்டவணை விட்டுவிடக்கூடிய பெண்களின் பெயர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஏடெழுதுதல் எழுத்தர் பணி மட்டுமன்று, இறையியற் பணியும் ஆகும் என்பதை இவ்விரு பகுதிகளும் உணர்த்துகின்றன.

அயர்லாந்தின் கூலிக் குடும்பமொன்றை இன்று அதன் பேரப்பிள்ளைகள் கண்டுகொள்வது, பெயர் அறியாத ஒரு குருவானவர் தாயின் குடும்பப் பெயரையும் ஊர்ப் பிரிவையும் மறவாது எழுதியமையால்தான். அவர் சோம்பியிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அக்குடும்பம் மறைந்தே போகிறது. ஆகவே ஆயர்களும், ஆயர்களாகவிருக்கும் மாணவரும், தம் சேகரத்துப் பதிவேட்டைத் திறக்கும்போது சற்றே நின்று சிந்திப்பார்களாக. தாயின் பெயருக்குரிய கட்டத்தையும், ஊருக்கும் தொழிலுக்கும் உரிய கட்டங்களையும் வெறுமையாய் விடாதிருப்பார்களாக.