குறுவீடும் கணக்கில் வராத வேலையும்

அமெரிக்காவில் 1990களின் இறுதியில் தனி ஆட்களின் எளிய வாழ்க்கைச் சோதனையாகத் தொடங்கிய குறுவீட்டு இயக்கம், 2014ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சித் தொடர்களின் வழியே நடுத்தர வர்க்கத்தின் கனவாக மாறியபோது, அதன் வாதமும் ஓசையின்றி மாறியது. ஒருவர் வாழ எவ்வளவு இடம் போதும் என்னும் கேள்வியோடு நின்றிருந்த இயக்கம், பிள்ளைகுட்டிக்காரர்களும் அதே அளவு வீட்டில் வாழலாம் என்றதோடு அமையாமல், அப்படி வாழ்ந்தால்தான் குடும்பம் நெருங்கும், பிள்ளைகள் விட்டுக்கொடுக்கப் பழகுவர், மகிழ்ச்சி பெருகும் என்றும் வாதிடத் தலைப்பட்டது. முதற்கூற்றில் நியாயம் உண்டு. பின்னது ஆராய்ச்சிக்கு உட்படாமலே பரவிவிட்ட ஒன்று.

குறுவீடு என்பது, சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த பின்னிணைப்பு வரையறுப்பதுபோல, பரண் நீங்கலாக 400 சதுர அடியோ அதற்குக் குறைவாகவோ தளப்பரப்புடைய வீடு. சக்கரங்களின் மேல் கட்டப்படுவது, தனி அனுமதியின்றிச் சாலையில் இழுத்துச் செல்லப்பட வேண்டும் என்பதால், எட்டரை அடி அகலத்துக்குள் ஒடுங்கி இன்னும் சிறிதாகிவிடும். இதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்படும் வீட்டின் சராசரிப் பரப்பு 1973இல் சுமார் 1,660 சதுர அடியாக இருந்து, 2015இல் 2,600ஐத் தாண்டியது. அதே காலத்தில் குடும்பங்களின் ஆள்தொகையோ குறைந்தது. அந்த வீக்கத்துக்காக வாங்கிய கடன் 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் எத்தனை பேரைத் தெருவில் நிறுத்தியது என்பது தெரிந்ததே. கடனில்லாத கூரையும் குறைந்த எரிபொருட் செலவும் தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவிக்காத வழக்கமும் குறுவீட்டின் உண்மையான வரவுகள்.

செலவுப் பத்தியில்தான் இயக்கம் எதையும் எழுதுவதில்லை. வழக்கமான வீட்டில் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் இடம் உண்டு; படுக்கை இருக்கும் இடத்தில் படுக்கையும், மேசை இருக்கும் இடத்தில் மேசையும் நாள் முழுதும் அசையாமல் கிடக்கும். குறுவீட்டிலோ ஒரே இடம் வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு அறையாக வேண்டியிருப்பதால், வேளை மாறுந்தோறும் ஒருவர் அந்த இடத்தைக் கலைத்து மறுபடி அமைக்க வேண்டியிருக்கிறது. சமையலோ துப்புரவோ குழந்தை வளர்ப்போ ஆகாமல், அவை நடப்பதற்கு இடம் உண்டாக்குவதற்கென்றே செய்யப்படும் இந்த உழைப்பை மாற்றுவேலை எனலாம். சதுர அடியில் மிச்சம் பிடித்தது முழுவதும் மாற்றுவேலையாகத் திரும்பி வருகிறது என்பதே குறுவீட்டுக் குடும்பத்தின் அடிப்படைக் குறை.

இந்த வேலை எத்தகையது என்பதைக் காலை நேரம் ஒன்றே காட்டிவிடும். இரவில் படுக்கையாக இழுத்துவிடப்பட்ட இருக்கையின் மேலுள்ள விரிப்பையும் போர்வைகளையும் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்து, பலகையை உள்ளே தள்ளி, மெத்தைத் துண்டுகளை முதுகுச்சாய்வாக நிமிர்த்தி, சுவரோடு மடிந்து நிற்கும் மேசையை இறக்கி அதற்குக் காலால் முட்டுக்கொடுத்த பிறகே பிள்ளைகளின் முன்னால் தட்டை வைக்க முடியும். உண்டு முடித்ததும் மேசையைத் துடைத்து மறுபடி மடக்கினால்தான் கதவுக்குப் போக வழி பிறக்கும். பரணில் நிலைமை வேறு வகையானது. வாழ்விடங்களுக்கு 6 அடி 8 அங்குல உயரம் கேட்கும் அதே விதித்தொகுப்பு பரணுக்கு அந்த நிபந்தனையை விதிக்காததால், அங்கே விரிப்பு மாற்றுகிறவர், எந்த மெத்தைக்கு உறை போட வேண்டுமோ அதன் மேலேயே மண்டியிட்டுக்கொண்டு, தலை கூரையில் இடிக்காமல் அதன் நான்கு மூலைகளையும் தூக்கியாக வேண்டும். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழும் குழந்தையை ஏணி வழியே இறக்க இன்னொருவர் விழித்தாக வேண்டும். சிறிய குளிர்பதனப் பெட்டி கடைக்குப் போகும் தடவைகளைக் கூட்டுகிறது. நீர் ஊற்றாத மக்கும் கழிப்பறையின் தொட்டி நிறையுந்தோறும் ஒருவர் அதைச் சுமந்து சென்று கொட்ட வேண்டியிருக்கிறது. பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல் வந்து இருக்கைப் படுக்கையிலேயே மூன்று நாள் கிடந்தால், உண்ணும் இடமும் எழுதும் இடமும் விளையாடும் இடமும் அந்த மூன்று நாளும் இல்லாமல் போகின்றன.

அந்த ஒருவர் யார் என்று கேட்பதே முறை. 2003 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் அமெரிக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சராசரியாக வீட்டு வேலையில் பெண்கள் செலவிடும் நேரம் ஆண்களுடையதைவிட மிகுதி என்பதையே திரும்பத் திரும்பக் காட்டிவருகிறது. வீடு சுருங்கிய மாத்திரத்தில் இந்தப் பங்கீடு சமனாகிவிடும் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. மடங்கும் விந்தை மேசையை ஒளிப்பதிவுக் கருவியின் முன் ஒருமுறை மடக்கிக் காட்டுபவர் பெரும்பாலும் அதைச் செய்த தச்சரோ கணவரோதான். ஆண்டுக்கு ஆயிரம் முறை மடக்குபவரைக் காட்டுவதற்கு எந்தத் தொடரிலும் நேரம் இருப்பதில்லை.

இந்தக் குறைக்கு மறுமொழியாக ஜப்பான் காட்டப்படுவது வழக்கம். பகலில் பஞ்சணையைச் சுவரறையில் அடுக்கிவிட்டு இரவில் விரிக்கும் பாய்த்தள அறை, ஓரிடத்தைப் பலவாக்கும் கலையின் உச்சம் என்று போற்றப்படுகிறது. அந்த நாட்டின் குடியிருப்பு வரலாறு சொல்வது நேர்மாறானது. 1940களில் எளிய மக்களின் நெருக்கடியான வீடுகளை ஆராய்ந்த நிஷியாமா உஸோ, மிகச் சிறிய வீட்டில்கூடக் குடும்பங்கள் உறங்கும் அறையில் உண்ணாமல், எப்பாடுபட்டாவது உண்பதற்கென ஒரு மூலையை ஒதுக்கிக்கொள்வதைக் கண்டார். உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் பிரித்தல் என்னும் கொள்கையை அதிலிருந்தே வகுத்தார். அக்கொள்கையைத் தழுவி, யோஷிடாகே யாசுமியின் ஆய்வுக்குழு 1951இல் பொதுக் குடியிருப்புக்கென வரைந்த 51சி என்னும் திட்டம், ஏறத்தாழ 35 சதுர மீட்டருக்குள்ளேயே சமையலறையோடு சேர்ந்த நிலையான உணவிடம் ஒன்றை அமைத்தது. பலவாக்கும் கலையில் தேர்ந்தவர்களாகச் சொல்லப்படும் மக்களுக்குத் திட்டம் வகுத்தவர்கள், இடம் கிடைத்ததும் முதலில் கைவிட முயன்றது அந்தக் கலையைத்தான்.

சிறுமையும் மாற்றுவேலையும் ஒன்றல்ல என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃப்ராங்ஃபுர்ட் சமையலறை, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவே உடையதாயினும், ஒரே வேலைக்கென ஒதுக்கப்பட்டதால் நடையைக் குறைத்தது. டோக்கியோவில் அஸுமா தகாமிட்சு 1966இல் தம் மனைவிக்கும் மகளுக்கும் தமக்குமாகக் கட்டிய கோபுர வீடு, சுமார் 20 சதுர மீட்டர் மனையில் எழுந்து, உள்ளே அறைக்கதவே இல்லாமல், சிறுவீட்டுக் குடும்ப வாழ்வின் தலைசிறந்த சான்றாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அதன் மொத்தத் தளப்பரப்பு 65 சதுர மீட்டர், அதாவது 700 சதுர அடி. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் தளங்களில் உண்ண, உறங்க, குளிக்க அததற்குரிய இடம் நிலையாக இருக்கிறது. குறுவீட்டாரின் சான்றாக நிறுத்தப்படும் வீடு அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

ஓரறை வீட்டில் எட்டுப் பிள்ளைகளை வளர்த்த பாட்டிமாரை இங்குள்ள ஆதரவாளர்கள் துணைக்கழைப்பதும் பொருந்தாது. அவ்வீட்டின் திண்ணையும் கொல்லையும் தெருவும் கணக்கில் சேராத அறைகளாக இருந்தன. விடிகாலையில் எட்டுப் பாய்களைச் சுருட்டியவர் மகிழ்ச்சியாக இருந்தாரா என்று எவரும் அவரைக் கேட்டதும் இல்லை.

குறுவீட்டுக் குடும்பங்களின் மகிழ்ச்சிச் சான்றுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் கைக்குழந்தைகளாகவோ பள்ளிக்குப் போகாதவர்களாகவோ இருப்பது தற்செயலன்று. 1999இல் 96 சதுர அடியில் தமக்கொரு வீடு கட்டி இயக்கத்துக்கு முகமாக விளங்கிய ஜே ஷேஃபரே, மனைவியும் மகனும் வந்த பிறகு சுமார் 500 சதுர அடி வீட்டில் குடியிருந்தார். ஜப்பானிய அரசின் குறைந்தபட்சக் குடியிருப்பு அளவு, குடும்பத்தில் தலைக்குப் பத்துச் சதுர மீட்டரும் பொதுவாகப் பத்தும் கேட்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைக் கால் ஆளாகவும், ஆறு வயது வரை அரை ஆளாகவும், பத்து வயது வரை முக்கால் ஆளாகவும் அது எண்ணுகிறது. குறுவீட்டின் உச்ச வரம்பான 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். இரண்டு கைக்குழந்தைகளுடைய தம்பதிக்கு அந்த அளவுகோல் கேட்பது 35 என்பதால் வீடு தேறிவிடும். பிள்ளைகள் இருவரும் மூன்று வயதைக் கடந்ததும் அது 40 கேட்கும். பத்து வயதானால் 50.