யாழ் இருந்தது, மாணவர் இல்லை

யாழை இழந்துவிட்டோம் என்று புலம்புவதில் எம்மவருக்குச் சலிப்பே வருவதில்லை. நாம் இழந்தது கருவியை அல்ல என்பதே என் வாதம்.

1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் விபுலாநந்த அடிகளின் 'யாழ்நூல்' அரங்கேறியபோது, அவர் கணக்கிட்டபடி செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டன. மீட்டியவர் சங்கீத பூஷணம் க. பொ. சிவானந்தம்பிள்ளை, அவரோ வீணை வித்துவான். அடுத்த மாதம், யூலை 19 இல், அடிகள் காலமானார். கருவியும் கணக்கும் மிஞ்சின. சிறுவயதிலிருந்தே அதில் விரல் பழகிய ஒரு பிள்ளைதான் இல்லை. அண்மை வருடங்களில் சென்னையில் தருண் சேகர் மீண்டும் யாழ் செய்திருக்கிறார். மகிழ்ச்சிதான், ஆனால் கேள்வி அதே கேள்வி.

யாழின் ஐரோப்பிய உறவான ஹார்ப்பைப் பாருங்கள். நாற்பத்தேழு நரம்புகள், ஏழு மிதிகள், சுண்டுவிரலுக்கு வேலையில்லை. மற்ற விரல்நுனிகள் தடித்துக் காய்க்கும்வரை நோவுதான். (எந்திரத்தின் முன் எட்டு மணிநேரம் நிற்பவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) பாரிஸில் 1893 இல் பிறந்த லீலி லாஸ்கின், அல்போன்ஸ் ஹாஸெல்மானிடம் பயின்று 1905 இல் முதற்பரிசு பெற்றபோது சிறுமி. அந்தப் பரிசோடு பயிற்சி முடிந்துவிடவில்லை. 1909 இல், பதினாறு வயதில், பாரிஸ் ஒப்பெராவின் வாத்தியக் குழுவில் உட்கார்ந்தார். அங்கு சேர்க்கப்பட்ட முதற்பெண் அவரே. நாற்பது பக்கம் மௌனமாக எண்ணிக்கொண்டிருந்து நாலு வரி மீட்டும் வேலை அது. தனிக்கச்சேரிப் புகழ் பிறகு வந்தது. 1948 இலிருந்து பத்து வருடம், தான் படித்த அதே கல்லூரியில் கற்பித்தார். கருவி கைமாறியது இப்படித்தான்.

எமது நடைமுறை தலைகீழானது. வியா மக்வேதாவின் வடக்கே மாசிமோ அரங்கு நிற்கிறது. எம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே வாத்தியக் குழுவின் பின்வரிசையைக் கவனித்திருப்பார்கள்? நாமோ வாடகை மண்டபத்தில் அரங்கேற்றம் வைக்கிறோம். அந்தச் சொல்லுக்கு முதல் மேடை என்று பொருள். எம்மிடம் அது பெரும்பாலும் கடைசி மேடை. மறுமாதம் வயலின் கட்டிலுக்கடியில்.

ஹார்ப் வாங்க எமக்குக் கட்டாது என்றார் ஒரு நண்பர். மண்டபம், வீடியோ, பட்டுச்சேலை, சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அவர் வரட்டும், பேசலாம்.