மனையறமும் காவற் கடனும்

மகளிர்க்குக் கல்வி ஊட்டும் பள்ளி 1824ஆம் ஆண்டிலேயே உடுவிலில் தோன்றிற்று. எனினும், கல்வி மட்டும் இல்லத்துள் ஓங்கும் கையைத் தடுத்துவிடாது. சட்டத்தின் காவலும் வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அக்காவலை வகுத்தது. அதன்படி, துன்புற்ற உடுவிற் பெண்ணொருத்தியின் சார்பில் பொலிஸ் அலுவலரே மல்லாகம் நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிக்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்கள் வரையும், பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரையும் நிலைபெறும். மீறுவோர் ஓராண்டு வரை சிறைப்படவும் கூடும்.

ஆயின், இலங்கையின் பொலிஸ் நிலையங்களிற் பலகாலும் கேட்கப்படுவது யாது? ‘குடும்பப் பூசல், சமாதானமாகப் போங்கள்’ என்னும் அறிவுரையே. குடும்பம் சிதையாது, பிள்ளைகள் ஆதரவற்றோர் ஆகார் என இதனைப் போற்றுவாரும் உளர். அவர்தம் கவலை பொய்யன்று; கூற்றோ ஆராயத்தக்கது. இணக்கம் என்பது ஒத்த நிலையினர் இருவரிடையே நிகழ்வது. அடித்தவனும் அஞ்சியவளும் அத்தகையர் அல்லர். அவள் அங்குத் தரும் இசைவு அச்சத்தாற் பிறப்பது. மேலும், கட்டளையை வழங்குதலும் மறுத்தலும் நீதவானுக்கே உரியன. முறைப்பாட்டை வாயிலிலே திருப்பியனுப்பும் அலுவலர், தமக்கில்லாத தீர்ப்பதிகாரத்தை மேற்கொள்கின்றார். முறைப்பாட்டைப் பதிதல், விண்ணப்பிக்கும் வழியை உரைத்தல் ஆகிய இரண்டும் அவர்தம் முதற்கடன். அவற்றை ஆற்றியபின் கூறுவதே அறிவுரை எனத்தகும்.